லாபம் என்று தொடங்கிய நாற்பது சுற்று

வண்டி ஓட்டிய அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எங்கள் அறக்கட்டளைக்குப் பெரிய வேன் ஒன்று வந்திருக்கிறது. பழைய பிக்கப்புக்கும் எனக்கும் சேர்த்து ஒரே கூட்டத்தில் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். எல்லாம் சரி, 'ஓட்டிய' அனுபவம் என்று மட்டும் கேட்டதில்தான் எனக்குச் சுருக்கென்று வந்தது. அந்த வண்டியை நான் ஓட்டியது பாதிதான். கட்டியது பாதி. கட்டியதைச் சொல்லாமல் ஓட்டியதைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

நான் நைனார்பாளையத்துக்காரன். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது; அப்பாவும் அம்மாவும் பிறர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். பதினேழு வயதில் லாரியில் கிளீனராக ஏறினேன். பிறகு கரும்பு டிராக்டர், பிறகு நெல் லாரி, பிறகு கல்வராயன் மலையில் ஜீப். ஏழு பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் இருபது பேரை ஏற்றி, மேலே மூட்டை கட்டி, வெள்ளிமலை வரைக்கும் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். அப்படி ஓட்டியதற்காக இன்றைக்கு வெட்கப்படுகிறேன். ஆனால் மலைப்பாதையை அந்த ஜீப்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. எந்த வளைவில் தண்ணீர் குறுக்கே ஓடும், எங்கே கல் உருளும், எதிரே வரும் பஸ்ஸுக்கு எங்கே ஒதுங்கலாம் என்று எனக்கு மனப்பாடம். அந்தத் தைரியத்தில்தான் அறக்கட்டளையில் டிரைவர் வேலைக்குப் போய் நின்றேன்.

என்னைத் தேர்வு செய்தது டாக்டர் வசந்தா. ஒல்லியான, குள்ளமான அம்மா. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டமாட்டார். ஒரு கேள்வி கேட்பார், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா பார்த்துக்கொண்டே நிற்பார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். முதல் நாளே என்னிடம் கேட்டார்: "மலையில பொம்பளைங்க பிரசவத்துக்குக் கீழ வரமாட்டேங்கிறாங்க. வீட்டை விட்டுட்டுப் பத்து நாள் முன்னாடியே வந்து தங்க அவங்களால முடியாது. நாம மேல போய்த் தங்கினா என்ன?"

"தங்கலாங்க. எங்க தங்குறது?"

"அதைத்தான் உங்கள்ட்ட கேக்குறேன், வேலண்ணே."

அப்படிப் பிறந்ததுதான் பெட்டி. பிக்கப்பின் பின்பக்கத் தொட்டியில் அப்படியே உட்காரும் ஓர் அறை. வண்டியோடு பற்றவைத்தது அல்ல. வேண்டும்போது ஏற்றலாம், இறக்கலாம். நான்கு மூலையிலும் திருகுக்கால் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் கால் நீண்டு தரையில் ஊன்றும், இன்னும் சுற்றினால் பெட்டி தொட்டியை விட்டு மேலே எழும்பும். வண்டியை முன்னால் நகர்த்தி எடுத்துவிட்டால் பெட்டி நான்கு காலில் வீடு மாதிரி தனியாக நிற்கும். கள்ளக்குறிச்சியில் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இரண்டரை மாதம் நான் கூடவே நின்று கட்டவைத்தேன். அலுமினியச் சட்டம், உள்ளே சூடு தடுக்கும் மெத்தைத் தகடு, ஒரு பரிசோதனைக் கட்டில், சுவரோடு மடங்கும் இரண்டு படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி, தண்ணீர் டேங்க், கூரையில் சோலார் தகடு. வழுக்காமல் இருக்கத் தொட்டிக்குள் தடித்த ரப்பர் விரிப்பு. பெட்டியை வண்டியோடு இறுக்கிப் பிடிக்க நான்கு இழுதிருகு. பின் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதல்.

டாக்டருக்கு ஒரு பைத்தியம் உண்டு. எடை. குழந்தைகளை நிறுக்கும் தராசைப் பட்டறைக்கே கொண்டுவந்துவிட்டார். கரண்டியிலிருந்து கட்டில்வரை ஒவ்வொன்றையும் நிறுத்து அதன்மேல் சுண்ணாம்புக்கட்டியால் எடையை எழுதினார். பட்டறை ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெட்டி ஏறியதும் சோதனை ஓட்டமாகச் சின்னசேலம் வரைக்கும் போய் வந்தேன். வந்து இறங்கியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "அம்மா, இவ்ளோ பாரம் ஏத்தியும் ஸ்டீரிங் பஞ்சு மாதிரி சுத்துது. முன்னவிட லேசா இருக்குதுங்க. ஒரு விரல்ல திருப்பலாம்" என்றேன்.

"பாரம் ஏத்தினா ஏன் லேசாகணும்?" என்று கேட்டுவிட்டு நின்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ராசியான வண்டி என்று சொல்லலாமா என்று யோசித்தேன், நல்லவேளை சொல்லவில்லை. மறுநாள் ஒரு நெல்மில்லின் எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொன்னார். முழு வண்டியையும் ஏற்றவேண்டாம், முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கட்டும் என்றார். பிறகு பின்சக்கரம் மட்டும். பெட்டி இல்லாமல் எடுத்த எடையையும் பக்கத்தில் எழுதினார். பார்த்தால், பெட்டியை ஏற்றிய பிறகு முன்சக்கரத்தின் எடை முன்பு இருந்ததைவிடக் கம்மி! தண்ணீர் டேங்க், பாட்டரி, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் எடுக்க வைக்கச் சௌகரியம் என்று கதவோரமாக, கடைசியில் வைத்திருந்தேன். அந்தப் பாரம் பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்கி, முன்பக்கத்தைக் கிணற்று ஏற்றம் மாதிரித் தூக்கிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னது சரிதான், லேசாத்தான் ஆயிருக்கு" என்றார் டாக்டர். "மலை மேல ஏறும்போது இன்னும் லேசாகும். வளைவுல நீங்க திருப்புவீங்க. வண்டி திரும்புமா?"

இருபது வருஷம் ஸ்டீரிங் பிடித்தவன் நான். ஸ்டெதஸ்கோப் பிடித்தவர் எனக்கு வண்டி சொல்லிக்கொடுக்கிறார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் நானே பட்டறைக்குப் போய் டேங்கையும் பாட்டரியையும் கழற்றி, டிரைவர் முதுகுக்கு நேர் பின்னால், முன்சுவரோடு ஒட்டிப் பொருத்தினேன். மறுபடி எடை மேடை. முன்சக்கரம் தரையை அழுத்திக்கொண்டு நின்றது. ஸ்டீரிங் கனத்தது. அந்தக் கனம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

முதல் முறை மலையேறிய நாளை மறக்கவே முடியாது. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போகவே முடியாது, இரண்டாவது வளைவிலேயே உட்கார்ந்துவிடும் என்று ஸ்டாண்டில் என் பழைய ஜீப் நண்பர்கள் பந்தயமே கட்டியிருந்தார்கள். முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக, அவசரப்படாமல், ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கம் அகலமாக எடுத்து உள்ளே திருப்பி, ஒரே மூச்சில் வெள்ளிமலைக்கு ஏறினேன். பஸ் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி ஹாரனை ஒரு நீட்டு நீட்டினேன். டாக்டர் கீழே இறங்கி, "சத்தம் போதும், வேலண்ணே" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதன்பிறகு வாரத்தில் நான்கு நாள் மலைமேல்தான். நான், டாக்டர், நர்ஸ் மீனா மூன்று பேர். அவர்கள் இருவரும் பெட்டியில் தூங்குவார்கள். நான் முன்சீட்டில். மலை ஜனங்கள் வெறுங்கையோடு வண்டியை அனுப்பமாட்டார்கள். சாமை, புளி, பலாப்பழம் என்று நாம் பார்க்காத நேரத்தில் உள்ளே திணித்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஒருமுறை கைகழுவும் தொட்டிக்குள் ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருந்தது. டாக்டர் அதை நிறுத்தார். பதினெட்டு கிலோ. வாங்கிக்கொண்டார், பதினெட்டு லிட்டர் தண்ணீரைக் குழாயைத் திறந்து வெளியே விட்டார், கிளம்புங்கள் என்றார். இந்த அம்மாவிடம் ஜெயிக்க முடியாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஏற்றி இறக்குவதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். நான்கு காலையும் ஒரே சமயத்தில், ஒரே அளவு சுற்றவேண்டும். ஒரு கால் முந்தினாலோ பிந்தினாலோ பெட்டி கோணிக்கொள்ளும். அதனால் நான்கு பேர் நான்கு கைப்பிடியைப் பிடிக்க, நான் எண்ணுவேன். ஒன்று என்றால் ஒரு சுற்று. இரண்டு என்றால் இன்னொரு சுற்று. பத்துக்கு ஒருமுறை நிறுத்தி மட்டம் பார்க்கவேண்டும். நாற்பது சுற்றில் பெட்டி முழுதாக எழும்பிவிடும். உள்ளே ஆள் இருக்கும்போது பெட்டியைத் தூக்கக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை எழுதிக் கதவில் ஒட்டியவரும் டாக்டர்தான்.

இனி அந்த ஐப்பசி நாளைச் சொல்கிறேன்.

வெள்ளிமலையைத் தாண்டிப் பலாக்கொல்லை என்று ஒரு சின்ன ஊர். சின்னப்பொண்ணு என்ற பெண்ணுக்கு முதல் பிரசவம். காலையிலேயே வலி கண்டு, பெட்டிக்குள் கட்டிலில் படுத்திருந்தாள். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டியிருந்தார்கள். வெளியே மழை நிற்காமல் கொட்டியது. வண்டியை ஊர்க் களத்துக்குப் பக்கத்தில், சரளைத் தரையில் நிறுத்தியிருந்தேன். பகல் ஒரு மணி இருக்கும். சின்னப்பொண்ணின் புருஷன் அண்ணாமலை, வெந்நீர் வைப்பதற்காக விறகு அடுக்கிலிருந்து காய்ந்த கட்டையை உருவப் போனான். அடுக்குக்குள் கண்ணாடி விரியன் இருந்திருக்கிறது.

அவனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். புறங்காலில் இரண்டு பல் தடம். அதற்குள் கணுக்கால் வீங்கிவிட்டது. டாக்டர் பெட்டியிலிருந்து இறங்கி வந்து, பார்த்து, அசைக்காதபடி காலோடு ஒரு பலகையை வைத்துக் கட்டினார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். விஷமுறிவு மருந்து நம்மகிட்ட இல்ல. கீழேயிருந்து ஆம்புலன்ஸ் ஏறி வந்து திரும்புறதுக்குள்ள நேரம் ரெண்டு மடங்காயிடும். ஊர்ல வேற வண்டி?"

"இருக்கிற ஒரு ஜீப்பும் சந்தைக்குப் போயிட்டுதுங்க."

பெட்டியைப் பார்த்தார். வண்டி அதற்கு அடியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே சின்னப்பொண்ணு. எந்த நிமிஷமும் குழந்தை வரலாம். அவளைப் பெட்டியோடு மலைப்பாதையில் குலுக்கிக்கொண்டு போக முடியாது. கொட்டும் மழையில் பாட்டிலோடு தூக்கி ஒரு குடிசைக்குள் கொண்டுபோய்ப் போடவும் முடியாது.

"தூக்குங்க" என்றார்.

"உள்ள ஆள் இருக்காங்களேம்மா!"

"நானும் மீனாவும் கட்டில் பக்கத்துலயே நிக்கிறோம். இடம் மாறமாட்டோம். உங்களால ஆடாமத் தூக்க முடியுமா முடியாதா?"

வழக்கம்போல் கேட்டுவிட்டு நின்றார். இந்த முறை எனக்குப் பதில் தெரிந்தது. "முடியுங்க" என்றேன்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இழுதிருகு நான்கையும் தளர்த்தினேன். கால்களுக்கு அடியில் பலகை வைத்தேன். முன் வலது மூலையை நான் பிடித்துக்கொண்டேன். மற்ற மூன்றுக்கும் ஊர் ஆட்கள். அண்ணாமலையைத் தாங்கி வந்த இருவர் பின்பக்கத்தில். முன் இடது மூலைக்கு வந்து நின்றது அண்ணாமலையின் அக்கா காசியம்மா. நாற்பது வயது இருக்கும், நல்ல கட்டான உடம்பு. ஊர்க் களத்தில் தானியம் அளப்பது அவள்தான். அவள் படி அளந்து கூவினால் எதிர்ச் சரிவில் மாடு மேய்ப்பவனுக்குக் கேட்கும். மழைச் சத்தத்தில் என் குரல் எடுபடாது என்று தெரிந்தது.

"காசியம்மா, நீ எண்ணு. ஓர் எண்ணுக்கு ஒரு சுத்து. பத்துக்கு நிறுத்து."

"சரிங்கண்ணா." ஈரத்தில் கிடந்த தம்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். "லாபம்!" என்று கூவினாள்.

நான் தயாரானேன்.

"ரெண்டு!" நான் சுற்றினேன். "மூணு!" சுற்றினேன். பத்து வந்தது, நிறுத்தினாள். மழையில் மட்டம் பார்க்கும் குழாயில் குமிழி எங்கே நிற்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. பெட்டிக்குள்ளிருந்து சின்னப்பொண்ணின் குரல் கேட்டது: "இன்னாக்கா, வூடு ஆடுது?" டாக்டர் கொஞ்சமும் தடுமாறாமல், "சேத்துல வண்டி சாஞ்சிருக்கு, சமன் பண்றாங்க. நீ மூச்சை இழுத்து விடு" என்றார்.

"லாபம்! ரெண்டு! மூணு!" அடுத்த பத்து. மூன்றாவது பத்துக்குப் போனோம். லாபம், இரண்டு, மூன்று, நான்கு. அப்போது என் கையில் கைப்பிடி திடீரென்று லேசாகிவிட்டது. ஒரு விரலால் சுற்றலாம் போல் இருந்தது.

எடை மேடையில் நின்ற அந்தப் பகல் எனக்குச் சுளீரென்று ஞாபகம் வந்தது. பாரம் ஏற ஏற ஒன்று லேசாகிறது என்றால் அது நல்லதற்கு இல்லை. "நிறுத்து! எல்லாரும் நிறுத்துங்க!" என்று கத்தினேன். குனிந்து பார்த்தேன். என் காலுக்கும் பலகைக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. பெட்டி தொட்டியை விட்டு எழும்பிவிட்டது. ஆனால் என் மூலை தரையில் ஊன்றவில்லை. கட்டிலும் மூன்று பெண்களும் எதிர்மூலையில் இருந்ததால் பாரம் அந்தப் பக்கம் சாய்ந்து, மற்ற மூன்று காலில் பெட்டி நின்றுகொண்டிருந்தது. உள்ளே யாராவது இரண்டடி இந்தப் பக்கம் நகர்ந்தால் மடேரென்று என் பக்கம் சாயும்.

"அம்மா, யாரும் அசையாதீங்க!"

"அசையல" என்று உள்ளிருந்து அதே மெல்லிய குரல் வந்தது.

எங்கே பிசகியது என்று ஒரு நொடி புரியவில்லை. மற்ற மூவரும் சரியாகத்தான் சுற்றியிருக்கிறார்கள். புரிந்ததும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றியது. களத்தில் தானியம் அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவார்கள். பெருகட்டும் என்று அப்படி ஒரு வழக்கம். லாபம் என்பதே முதல் படி, அடுத்தது இரண்டு. மலை ஆட்கள் மூவரும் லாபம் என்றதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்கள். நான் அதைத் தயார் சொல்வதாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்திலும் ஒரு சுற்றைக் கோட்டைவிட்டிருக்கிறேன். நெல் அடித்த களத்தில் விழுந்து புரண்டு வளர்ந்தவன் நான். என் அம்மா அளந்ததைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். எனக்கே அது மறந்துபோயிருந்தது.

"காசியம்மா, எத்தனவாட்டி லாபம் சொன்ன?"

"மூணுவாட்டிண்ணா. ஏன், தப்பாயிட்டுதா?"

"நீ தப்பில்ல. நான்தான். யாரும் கைய எடுக்காதீங்க, சுத்தவும் சுத்தாதீங்க. நான் மட்டும் மூணு சுத்தப் போறேன்."

ஒரு சுற்று. லேசு. இரண்டு. இன்னும் லேசு. மூன்றாவது சுற்றின் பாதியில் கைப்பிடி கனத்தது. கால் பலகையைக் கடித்துப் பிடித்தது. அந்தக் கனம் கையில் ஏறியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழைதான் எல்லாவற்றையும் மறைத்ததே.

"ம், விட்ட எடத்துலேர்ந்து எண்ணு."

"அஞ்சு!" என்றாள். நான்காவது பத்தை அவள் லாபம் என்று தொடங்கியபோது ஊரிலேயே சத்தமாக நானும் லாபம் என்று கத்திச் சுற்றினேன். நாற்பது முடிந்தது. பெட்டி நான்கு காலில் அசையாமல் நின்றது. பாட்டிலில் சொட்டு விழுவது கூடத் தடுமாறவில்லை என்று பிறகு மீனா சொன்னாள்.

வண்டியை வெளியே எடுப்பது அடுத்த வேலை. வண்டிக்கும் திருகுக்காலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் நான்கு விரல் இடைவெளிதான். முதல் கியரில், கிளச்சைப் பாதி விட்டுப் பிடித்து, எறும்பு ஊர்வது போல் முன்னால் நகர்ந்தேன். எங்கும் உரசவில்லை. ஆனால் இவ்வளவு பாரத்துக்குக் கட்டிய வண்டி, இப்போது வெறும் வண்டி. கூடுதல் பட்டையோடு பின்பக்கம் துள்ளும், ஈர வளைவில் வழுக்கும். களத்தோரம் குவித்திருந்த கல்லைச் சாக்கில் அள்ளி நாலு மூட்டை பின்சக்கரத்துக்கு நேர்மேலே போடச் சொன்னேன். அதற்குள் அண்ணாமலையை முன்சீட்டில் கால் அசையாமல் உட்காரவைத்தார்கள். காசியம்மா நடுவில் ஏறி அவனைத் தோளோடு சாய்த்துக்கொண்டாள்.

இறங்கும்போது வேகம் போகவில்லை. மலையிறக்கத்தில் வேகம் போகிறவன் கீழே போய்ச் சேர்வதில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் கியரிலேயே வண்டியைக் கட்டிப்போட்டு இறக்கினேன். அண்ணாமலையின் ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. "கண்ண மூடாதடா, பேசிக்கினே இரு" என்று காசியம்மா அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"இன்னா பேசுறது?" என்றான் அவன், மயக்கத்தில்.

"இன்னா பேரு வைக்கிறதுன்னு பேசு."

எட்டுப் பத்துப் பேர் சொன்னான். எல்லாம் ஆண் பெயர். சமவெளி வந்ததும் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனில் கை எடுக்காமல் பறந்தேன். டாக்டர் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று போன் செய்து சொல்லிவைத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுகட்டிலோடு காத்திருந்தார்கள். இறக்கி உள்ளே கொண்டுபோன ஐந்தாவது நிமிஷம் மருந்து ஏறியது. நல்ல சமயத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று டியூட்டி டாக்டர் சொன்ன பிறகுதான் வண்டியை வாசலிலிருந்து நகர்த்தி நிறுத்தப் போனேன்.

அந்தி சாய்வதற்குள் மலையிலிருந்து போன் வந்தது. "பொண்ணு. அம்மாவும் பிள்ளையும் நல்லாருக்காங்க. நீங்க தூக்கினதுல ஒரு தட்டுகூட நகரல" என்றார் டாக்டர். வெளிவாசலில் நின்று சிரித்தேன் பாருங்கள், வாட்ச்மேன் வந்து இது ஆஸ்பத்திரி என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அண்ணாமலைக்கு நினைவு நன்றாகத் தெளிந்திருந்தது. கண்டம் தாண்டிவிட்டது என்றார்கள். அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "யாரு ஜாடைங்கண்ணா?"

நான் எங்கே பார்த்தேன்! ஆனாலும் படுத்துக்கிடப்பவனிடம் என்னத்தைச் சொல்வது. "அச்சு அசல் உன் ஜாடைதான்டா, மூக்குகூட" என்று அடித்துவிட்டேன்.

காசியம்மாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் மட்டும் மேலே ஏறினேன். வண்டியைப் பின்னால் எடுத்துப் பெட்டிக்கு அடியில் நுழைக்கும் வித்தையைப் பார்க்க ஊரே களத்தில் கூடியிருந்தது. இன்ஜினைக் கிளப்பப்போனேன். டாக்டர் கதவைத் திறந்து வாயில் விரலை வைத்தார். குழந்தை அப்போதுதான் தூங்கியதாம். ஊர் மொத்தமும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே அழுகுரல் கேட்டதும், கண்ணாடியை மட்டும் பார்த்து, யாரும் கை காட்டாமல், ஒரே தடவையில் வண்டியைச் செருகினேன். விசில் பறந்தது. தாயையும் பிள்ளையையும் வெளியே எடுத்துவிட்டு, லாபம் சொல்லிப் பெட்டியை இறக்கிப் பூட்டினோம்.

சின்னப்பொண்ணுக்கு ரத்த அழுத்தம் இன்னும் முழுதாக இறங்கவில்லை, கீழே சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர். புருஷனுக்கு என்ன ஆனது என்பதைக் காலையில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். வழியெல்லாம் அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டே வந்தாள்.

வார்டில் அவளைக் கண்டதும் அண்ணாமலை எழுந்து உட்காரப் பார்த்தான். அவள் குழந்தையை அவன் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அதுவரை அடக்கியிருந்ததை எல்லாம் அழுதாள். அவன் துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தான். நெற்றியைப் பார்த்தான், தாடையைப் பார்த்தான். பிறகு என்னை முறைத்தான்.

"என்னண்ணா பொய் சொல்லிட்டீங்க? இது அப்படியே எங்க அக்கா ஜாடை!"

காசியம்மா குனிந்து பார்த்து, "எனக்கு எங்கடா இவ்ளோ அழகு" என்றாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தது. அது போட்ட சத்தத்தில் அந்த வார்டில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். அதற்கு அப்புறம் யார் ஜாடை என்று யாருமே கேட்கவில்லை.